ஐஸ் பெட்டியில் வைத்த சீசா

நான்காவது சீசா கலங்கத் தொடங்கியிருந்தது.

வினிதா நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

முத்தாலம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சூட்டுத் தொட்டியின் மேல் குனிந்தாள். எண்பத்தைந்து டிகிரி ஆவி முகத்தில் அடித்தது.

மூன்று சீசாக்கள் குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்து கிடந்தன. தெளிந்து கிடந்தால் உள்ளே இருந்தவை செத்துவிட்டன என்று அர்த்தம். நான்காவது, இருப்பதிலேயே சின்னது, மெல்ல மெல்ல அரிசி களைந்த தண்ணீராகிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்குக்கா! கரண்ட் போனதும் ஐஸ்ல வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"கடல்லேர்ந்து வந்ததும்மா. ஐஸ்ல போடாம வேற இன்னா பண்ணுவாங்க?"

வினிதா சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. மூன்று வருட ஆராய்ச்சி அந்தச் சீசாவில்தான் இருந்தது. அதுவும் போயிருந்தால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

முத்தாலம்மாள் கானத்தூர்க் குப்பத்துக்காரி. பன்னிரண்டு வருடம் நாவலூர் அபார்ட்மென்ட்களில் கூடை சுமந்து மீன் விற்றவள். முட்டி தேய்ந்த பிறகு இந்த ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் துடைக்க வந்தாள்.

சீசாக்களில் இருந்த பாக்டீரியாக்களைப் பற்றி அவளுக்குச் சொன்னது வினிதாதான். வெளிச்சமே எட்டாத கடலடி. பாறைப் புகைபோக்கிகளிலிருந்து கரும்புகையாகக் கிளம்பும் கொதிநீர். அதுதான் இவற்றுக்கு வீடு.

அன்றிலிருந்து முத்தாலம்மாளின் தூக்கத்தில் அந்தக் கடலடி வந்தது. கும்மிருட்டில் நூறு அடுப்புகள் புகைந்தன. சமைக்க யாருமில்லை. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அந்தச் சூட்டில் சொகுசாகப் புரண்டன. விடிந்து எழுந்தால் அவளுக்கு வேர்த்திருக்கும்.

சொகுசு என்பதை மட்டும் அவளால் முழுசாக நம்ப முடியவில்லை.

முந்தாநாள், திங்கட்கிழமை காலை, தொட்டி ஆறிக் கிடந்தது. அதன் முகப்பில் சூடு காட்டும் எண்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. கரண்ட் போய் வந்தால் அப்படித்தான் சிமிட்டும். வினிதா தரையில் உட்கார்ந்து கதறிவிட்டாள். அப்போதுதான் முத்தாலம்மாள் மூலையிலிருந்து சாக்கு சுற்றிய தெர்மாக்கோல் பெட்டியைத் தூக்கி வந்தாள். கரைந்தது போக மீதி ஐஸுக்குள் சின்ன சீசா இருந்தது. பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடம்.

சூடு பிடித்துத் தொட்டி இரண்டு நாள் ஓடியது. இன்று இந்தக் கலங்கல்.

வெதுவெதுப்பில் கிடந்தவை வாழவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் செத்திருக்கும், ஐஸில் கிடந்தது நிம்மதியாகத் தூங்கியிருக்கும் என்றாள் வினிதா.

பேராசிரியருக்குப் போன் போட்டுக்கொண்டே அவள் ஒரு சிவப்பு டேப்பை நீட்டினாள். தொட்டியின் ஸ்விட்சை யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் ஒட்டிவிடச் சொன்னாள்.

சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு ஸ்விட்சுகள். ஒன்றின்மேலும் பெயர் இல்லை.

முத்தாலம்மாள் எது என்று கேட்கவில்லை. நேராகப் போய் எட்டாவதின்மேல் ஒட்டினாள்.

ஒட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விரல் டேப்பிலேயே நின்றது.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போகவே இல்லை. வெளியே கத்திரி வெயில் கொளுத்தியது. உள்ளே உயிருள்ளவை கொதித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு மனசு கேட்கவில்லை. எல்லோருக்கும் ஞாயிறு லீவு விடுகிறார்களே, இதுகளும் ஒருநாள் ஆறட்டுமே என்று அந்த விரல்தான் அணைத்தது. சின்னதுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குளுமை. திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன் திரும்பப் போட்டதும் அதே விரல்தான்.

வினிதா டேப்பைப் பார்த்தாள். பிறகு பெயரில்லாத மற்றப் பதினொன்றையும் பார்த்தாள். முத்தாலம்மாளின் முகத்தைப் பார்த்தபோது வினிதாவின் சிரிப்பு நின்றிருந்தது.

கரண்ட் எத்தனை மணிக்குப் போனது என்று போனில் பேராசிரியர் கேட்பது முத்தாலம்மாளின் காதிலும் விழுந்தது.

வினிதா தொட்டியின் பக்கம் திரும்பினாள். தொட்டிக்குள் சின்ன சீசா இன்னும் கலங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி இருக்கும் சார் என்றாள்.