தோண்டி மூடிய மண்

"ஒரு தடவை தோண்டி மூடின மண்ணு, திரும்பப் பழையபடி ஆகவே ஆகாதா டீச்சர்?"

கடைசி வரிசையிலிருந்து ஒத்திலியா கேட்டாள்.

"ஆகாதும்மா," என்றாள் மரிசேலா. "மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துடுது இல்லையா, நிறம் மாறிடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின குழியைக்கூட அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கறோம்."

சான் லசாரோ ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மரிசேலாவின் பேச்சு. தொல்லியல் படித்தவள். பழங்கால மெக்சிகோவின் கோயில்கள், தெய்வங்கள், நாள்காட்டி என்றுதான் ஆரம்பித்தாள். கேட்க வந்தவர்கள் ஓய்வுபெற்ற ரெண்டு பேர். அதிலும் ஒருவர் தூங்கிவிடுவார்.

முன்னோர்கள் இறந்தவர்களை எப்படிப் புதைத்தார்கள் என்று பேசிய வாரம்தான் இந்தப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தி சட்டையிலும் ஒரு பையனின் படம். வேலைக்குக் கிளம்பியவன், பெட்ரோல் போடப் போனவன், திரும்பி வராதவன். தேட வேண்டியவர்கள் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களே மலையடிவாரத்துக்குப் போய், இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, உருவி, பிண வாடை வருகிறதா என்று முனையை மோந்து பார்த்துத் தேடுகிறார்கள்.

அதற்குப் பிறகு மரிசேலா கோயில்களைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தக் காலத்துல செத்தவங்களோட ஒரு நாயையும் புதைப்பாங்க," என்றாள் இன்று. "அந்த உலகத்துக்குப் போற வழியில ஒரு ஆறு இருக்காம். நாய்தான் கரை சேர்க்கும்."

"என் பையன் நாயைக் கண்டாலே கட்டில் மேல ஏறிடுவான்," என்றாள் செனைதா. "அவன் இக்கரையிலயேதான் நின்னுட்டிருப்பான்."

சிலர் சிரித்தார்கள். செனைதாவும் சிரித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும் ஒத்திலியா தமாலே பரிமாறினாள். சோள மட்டையில் சுற்றி அவித்தது, சூடு ஆறவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலி போடுகிறவளும் அவள்தான். ஆனால் அவள் உடுப்பில் மட்டும் படம் இல்லை. தேடவும் ஒருநாள் போனதில்லை.

"ஏன் அக்கா, உங்க பையன் படத்தை ஒரு தடவை காட்டினாத்தான் என்ன?" என்றாள் செனைதா. "நாங்க கண்ணா வச்சிடப்போறோம்?"

"நல்ல படமா எதுவும் இல்லம்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமையாவது எங்களோட வாங்க. ஒரு ஆள் கூடினா இன்னும் கொஞ்ச தூரம் பார்க்கலாம்."

"முட்டி வலி." ஒத்திலியா இன்னொரு தமாலேயை எடுத்துச் செனைதாவின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. இளைச்சுப் போயிட்டே."

"விடுடி," என்று பக்கத்திலிருந்தவள் கிசுகிசுத்தாள். "சிலருக்கு மனசு ஒப்புக்கறதுக்கே நாளாகும்."

செனைதாவுக்குச் சங்கடமாகிவிட்டது. கிளம்பும்போது ஒத்திலியாவை இறுகக் கட்டிக்கொண்டாள். ஒத்திலியா கைகளைத் தொங்கவிட்டபடி மரம் மாதிரி நின்றாள்.

எல்லாரும் போன பிறகு ஒத்திலியா கதவைச் சாத்திவிட்டு வந்து, கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி காய்ந்த மண்.

"இது எந்த இடத்து மண்ணுன்னு சொல்ல முடியுமா டீச்சர்?"

மரிசேலா ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள். சிவப்புக் களிமண். நடுவே கருகிய செங்கல் துணுக்குகள். அதோடு வெள்ளையாக ஒரு தூள்.

"ஆத்தங்கரையில பழைய செங்கல் சூளை இருக்கே, அதுவாத்தான் இருக்கணும். இந்தப் பக்கம் வேற எங்கேயும் இப்படிக் கிடைக்காது. வெள்ளையா இருக்கறது சுண்ணாம்பு..."

அவள் நிறுத்திக்கொண்டாள். சூளையில் வேலை நின்று பல வருஷம். பிணத்தின் மேல் நாற்றம் அடங்கத் தூவுகிற சுண்ணாம்பு அங்கே இப்போது எதற்கு என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"செங்கல் சூளை," என்று ஒத்திலியா பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "நாளைக்கு அங்கே பார்க்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு வேணாம்."

"இந்த மண்ணு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"என் பையன் பூட்ஸ்லேருந்து சுரண்டினேன்."

மரிசேலா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "பூட்ஸ் கிடைச்சிடுச்சா? ஏம்மா இத்தனை நாள் சொல்லலை? இனி அவனையும் கண்டுபிடிச்சிடலாம்."

ஒத்திலியா கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அவன் எங்கேயும் போகலை டீச்சர், வீட்டுல தூங்கிட்டிருக்கான். எத்தனை தடவை கேட்டாலும், இவங்க பிள்ளைங்களை எங்கே புதைச்சான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறான்."