ஆற்றோடு போன கைருதீன்

“நாவலில் உயிரே இல்லை” என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பியதும், புது மனிதர்களைத் தேடிக் கிள்ளானிலிருந்து கோலா சிலாங்கூருக்கு வந்து அறை எடுத்துத் தங்கினாள் எழுத்தாளர் உஷாராணி. மூன்றாம் நாளே புதையல் அகப்பட்டது. சாப்பாட்டுக் கடை நடத்தும் மெகராஜ் பேகம்!

மீன் பிடிக்கப் போன கணவர் கைருதீன் ஆற்றோடு போன கதையைப் பேகம் சொல்லச் சொல்ல, உஷாராணி தேம்பித் தேம்பி அழுதாள்.

“அக்கா, இத நான் நாவலா எழுதிக்கட்டுமா?”

“ஐயோ, அது முடியாதுலா தங்கச்சி.”

அப்போது சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“மெகராஜ், அழுதாங்களா?”

“நல்லாவே அழுதாங்க மச்சான்! அந்த அத்தியாயத்த மாத்தவே வேணாம்.”

திகைத்துப்போன உஷாராணியிடம் பேகம் கூச்சத்தோடு சொன்னாள்:

“இவருதான் கைருதீன். நான் எழுதுற நாவல்ல மட்டுந்தான் செத்துட்டாரு.”