எட்டு மறுக்கப்பட்டது

நைரோபியில் அந்தக் கட்டடத்துக்கு ஏழே மாடிதான். அதன் லிஃப்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதிய முத்தேயு, மாடி எண்ணை வாங்கிப் பதியும் ‘செட்டர்’ பகுதியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ஏழுக்கு மேல் எந்த எண் வந்தாலும் ஏற்காதே.

தினமும் பகல் ஒன்று பத்துக்கு அவள் திரையில் ஒரு செய்தி விழும்: “எட்டு மறுக்கப்பட்டது.”

“எட்டாவது மாடியில உன் மாமியார் குடியிருக்காங்களோ?” என்று சிரித்தான் பக்கத்து மேசை பராசா. “அந்த வரியை எடுத்துட்டுத்தான் பாரேன், யார் கூப்பிடறாங்கன்னு தெரிஞ்சிடும். நான் சப்பாத்தி வாங்கிட்டு வரேன்.”

“சீக்கிரம் வாடா, பசி உயிர் போகுது.”

வரியை எடுத்தாள். பராசா சப்பாத்தி வாங்கிக்கொண்டு கீழே லிஃப்டில் ஏறியபோது மணி ஒன்று பத்து. முத்தேயு வாசலில் காத்து நின்ற அவர்களுடைய நாலாவது மாடியில் லிஃப்ட் நிற்கவில்லை. கதவுக்கு மேலே எண்கள் ஓடின: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

பிறகு இறங்கி வந்து திறந்தது. உள்ளே சப்பாத்திப் பொட்டலம் மட்டும் இருந்தது, இன்னும் சூடாக.

முத்தேயு ஓடிப்போய் அந்த வரியை மறுபடி எழுதினாள்.

மறுநாள் ஒன்று பத்துக்குச் செய்தி வழக்கம்போல விழுந்தது. அதற்குக் கீழேயே, அதே செய்தி இன்னொரு முறையும் விழுந்தது.