கண்ணுக்கு வைத்த பொட்டு

அவள் பெடலை மிதித்தாள். பிரஸ் அசையவில்லை.

மறுபடி மிதித்தாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக, முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளைபோல, தகடு வெட்டும் அந்த அறுபது டன் பிரஸ் ஜம்மென்று நின்றது.

அறுபது டன் என்றால் விளையாட்டில்லை. பன்னிரண்டு யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு, அடியில் இருப்பது ஒற்றைக் காலை ஊன்றினால் எவ்வளவோ, அவ்வளவு. தகட்டை உள்ளே வைத்து மிதித்தால் இறங்கும். வாஷர் விழும்.

தகட்டை உள்ளே வைப்பது கை.

அவளுக்கு ஒன்பதரை விரல்.

மீதி அரை, பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே யானைகளுக்கு அடியில் போயிற்று. ஒரு கூடை ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, கட்டிலே நகர்ந்துவிடும்படி ஒரு பெருமூச்சு விட்டார். கவனமாக இருந்திருக்கலாம் அல்லவா என்றார்.

ஆப்பிள் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் புது விதி வந்தது. கையைக் காப்பது கைக்காரியின் கவனம் மட்டுமல்ல, கம்பெனியின் பொறுப்பு என்றது. அதை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள் நட்டார்கள். கம்பம் நெடுக வரிசையாகக் குட்டிக் குட்டிக் கண்கள். இந்தக் கம்பத்தின் கண்கள் அந்தக் கம்பத்தின் கண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும். பச்சை விளக்கு சிவப்பாகும். பன்னிரண்டு யானைகளும் தூக்கிய காலோடு நின்றுவிடும்.

இந்தச் சென்சார் கண்கள் வந்த அன்று முதலாளி முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அவளை மிதிக்கச் சொன்னார்.

மிதித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

வெளியே எடுத்த கையை, அப்போதுதான் பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல நாலு திசைக்கும் காட்டினார். விழுந்த கைதட்டலில் கூரைத் தகரத்தின் துரு உதிர்ந்தது. பக்கத்துப் பட்டறையில் மழை என்று நினைத்துத் துணியை எடுத்தார்கள்.

இன்று சிவப்பு விளக்கு அணையவே மாட்டேன் என்றது.

எலக்ட்ரீசியன் மயில்சாமி ஒயர்ப் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரமாகியிருந்தது. வெளியே எடுத்தபோது அதில் பாதி நரைத்திருந்தது.

“ஒயரெல்லாம் சுத்தமா இருக்குதுங்கண்ணா. என்ன எழவோ, சிவப்பு போவ மாட்டீங்குது.”

வாசலில், சரக்கு ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

“சென்சாரைக் கழட்டி உட்டுட்டு நேரா கரண்ட் குடுப்பா. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்.” அவள் பக்கம் திரும்பினார். “கவனமா வெச்சா ஒண்ணும் ஆவாது, அம்மிணி.”

மயில்சாமி இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டார். பிரஸ் உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. இனி அது எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன.

அவள் ஒரு தகட்டை எடுத்தாள்.

உள்ளே வைக்கவில்லை. தாம்பூலத் தட்டு நீட்டுவதுபோல, இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினாள்.

“பூசைக்கு மக்யா நாள் மொதத் தகடு உங்க கைதானுங்களே முதலாளி. அன்னைக்குக் கை உட்டுக் காட்டுனீங்கல்ல, அப்படியே வெய்ங்க.”

கேலி இல்லை. வழக்கம் அதுதான். வருஷா வருஷம் முதல் தகட்டை அவர்தான் வைப்பார். மோட்டாரை நிறுத்திவிட்டு வைப்பார்.

இப்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படத்திலிருந்த சரஸ்வதியே ஒரு நிமிஷம் வீணையை நிறுத்தியதுபோல இருந்தது.

முதலாளி தகட்டை வாங்கினார். குனிந்தார்.

கை கம்பம் வரைக்கும் போயிற்று.

நின்றது.

கீழே பார்த்தார். அவள் கால் பெடலில் இல்லை. தகட்டைக் கொடுத்ததுமே இரண்டு காலையும் ஸ்டூலுக்கடியில் மடக்கிக்கொண்டிருந்தாள்.

அப்படியும் கை உள்ளே போகவில்லை.

அவர் விரல்கள் நின்ற இடத்துக்கு நேரே, கம்பத்தின் மூன்றாவது கண்ணில், ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம். பட்டறையில் ஒரு ஸ்பேனரைக்கூட விடாமல் நேற்றுப் பொட்டு வைத்தது முதலாளிதான். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த விதிக்கும் நாலு மூலையில் வைத்திருந்தார்.

பூஜைப் பொட்டை யார் அழிப்பார்கள்? மயில்சாமி அதன்மேல் கை படாமல் சுற்றிச் சுற்றி வந்திருந்தார். அவளும்தான்.

முதலாளி ஆள்காட்டி விரலால் துடைத்தார்.

பச்சை எரிந்தது.

மயில்சாமி, யாரும் சொல்லாமலே, ஒயர்ப் பெட்டியைத் திறந்தார். லாரி இன்னொரு முறை கத்தியது. டிரைவரிடம் யாரும் போகவில்லை.

ஒயர்கள் பழையபடி ஏறியதும் முதலாளி கையை உள்ளே விட்டார். சிவப்பு. தகட்டை வைத்தார். கையை எடுத்தார். பச்சை.

விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது.

வேட்டியில் துடைக்கப் போனவர் துடைக்கவில்லை. அந்த நுனியையே பார்த்தபடி நின்றார். பிறகு, மடியில் கிடந்த அவள் கைகளைப் பார்த்தார்.

எண்ணுவது அவர் உதட்டில் தெரிந்தது.

அவள் காலைப் பெடலுக்குக் கொண்டுபோகவில்லை. அவர் எண்ணி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதுக்கு மேல் உதடு அசையவில்லை.