மத்தியானம் நடக்க வேண்டிய கல்யாணம்

"அந்த ஜன்னலைச் சாத்துங்கய்யா, குளிருது" என்றாள் மணப்பெண்.

ஊர்த் தலைவர் எழுந்துபோய்ச் சாத்தினார். ஏப்ரல் மாத வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது.

மணப்பெண் பெரினுக்கு எழுபத்தொரு வயது. மாப்பிள்ளை அன்செல்முக்குப் பத்தொன்பது.

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணமானவனைப் பேரரசரின் படைக்கு இழுப்பதில்லை என்று ஆனதிலிருந்து அந்த வட்டாரத்தில் இது புதிதில்லை. அடுத்த வாரம் ஆள் பிடிக்க வருகிறார்கள். அன்செல்மின் அண்ணன் போன பாதையில் அவனும் போயாக வேண்டும்.

அவன் கட்ட நினைத்தவள் லிசெத். கறுப்பு உடையில் வாசலோரம் நின்றிருந்தாள். அவள் புருஷன் போர்க்களத்தில் செத்து ஆறு மாதம்தான் ஆகிறது. பத்து மாதம் ஆகாமல் விதவை மறுபடி கட்டிக்கொள்ளச் சட்டம் விடாது.

பெரின் கிழவியைத் தேடிப் பிடித்தது அன்செல்மின் அப்பா. "குளிர்காலம் பூரா இருமிக்கிட்டே இருந்தா. எத்தனை நாளைக்குடா? அதுக்கப்புறம் லிசெத்தைக் கட்டிக்கோ."

பெரின் தன் மூன்று மகன்களையும் பேரரசரின் போர்களில் பறிகொடுத்தவள். அவர்கள் சாப்பிட்ட மரக்கிண்ணங்கள் அலமாரியில் கவிழ்ந்தபடியே கிடந்தன.

கல்யாணம் மத்தியானத்துக்கு என்றுதான் பேச்சு. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக அவளே வந்து கதவைத் தட்டினாள்.

"டேய் அன்செல்ம், மத்தியானம் வரைக்கும் இந்த நெஞ்சு தாங்குமான்னு தெரியலடா. இப்பவே முடிச்சுடலாம்."

அப்பாவும் மகனும் பயந்துபோய் அரைகுறையாகச் சட்டை மாட்டிக்கொண்டு ஊர்த் தலைவரிடம் ஓடிவந்தார்கள்.

தலைவர் பேரரசர் ஆட்சியின் மூவர்ணப் பட்டியை மார்பில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சுதானே செய்யறே தம்பி? பொண்டாட்டிக்கு நாப்பத்தஞ்சு தாண்டிட்டா, ரெண்டு பேரும் சம்மதிச்சாக்கூடப் பிரிய முடியாது."

"தெரியும்."

"சட்டுனு ஆகட்டும்" என்றாள் பெரின்.

அவன் கையெழுத்துப் போட்டான். அவளுக்கு எழுதத் தெரியாது. சிலுவை ஒன்று கீறினாள். கை நடுங்கவில்லை.

லிசெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்டது. வண்டிக்காரன் பிளேஸ் பக்கத்து ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். சாட்டை நுனியில் வெள்ளை ரிப்பன். பழைய ராஜ வம்சத்தின் நிறம்.

"தலைவரே, அந்த மூணு கலர் பட்டியைக் கழட்டிப் போடுங்க! பேரரசர் சிம்மாசனத்தையே எழுதிக் குடுத்துட்டார். ஒப்பந்தம் ஆகி, ஒரு குட்டித் தீவுல போய் உக்காருன்னு அனுப்பறாங்களாம். இனிமே ஆள் பிடிக்க ஒருத்தனும் வர மாட்டான்!"

லிசெத்தின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இப்ப வந்து சொல்றியே, பாவி!" என்று கத்தினார் அன்செல்மின் அப்பா. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

பிளேஸ் விழித்தான்.

"என்னைய எதுக்குத் திட்றீங்க? விடியறப்ப இந்த வழியாத்தானே போனேன்! கிணத்தடியில வண்டியை நிறுத்திச் சேதியைச் சொல்லி ரிப்பன்கூடக் குடுத்துட்டுப் போனேனே. ஊர் பூரா நானே சொல்லிடறேன், நீ போன்னு பெரினம்மா சொன்னாங்க."

அன்செல்ம் மெதுவாகத் திரும்பினான்.

பெரின் தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒருமுறைகூட இருமவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஒரு கிண்ணத்தைக் கழுவி வெச்சிருக்கேன்" என்றாள் அவள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."