மணிக்கட்டு

கராத்தே மாஸ்டர் ஜெபசெல்விக்கு அன்று பொறுமை போய்விட்டது. ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடித்தால், அவருடைய கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று உருவிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் பாடம். செயினைப் பறிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்தவள் கற்றுக்கொண்டாள். உடம்பைக் குறைக்க வந்தவளும் கற்றுக்கொண்டாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காக அம்மா இழுத்துவந்து தள்ளிவிட்டுப் போன பிள்ளைக்குக்கூட வந்துவிட்டது. தில்லைநாயகி மட்டும் மூன்றாவது மாதமாகக் கையைக் கொடுத்துவிட்டு அப்படியே நிற்கிறாள். பாடம் வராதவளும் இல்லை. முதல் நாளே ஒரே திருப்பில் உருவிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவளைப் போல வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான்.

"இழுங்கக்கா. என்னைத் திருடின்னு நினைச்சுக்கிடுங்க."

தில்லைநாயகி தலையாட்டினாள். இழுக்கவில்லை. வலித்தால் உதறுவாள் என்று ஜெபசெல்வி வேண்டுமென்றே பிடியை இறுக்கினாள். தில்லைநாயகியின் தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்கின.

"இந்தச் சுவத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்." ஜெபசெல்வி அந்தக் கையை விட்டெறிந்தாள். "நாளைக்கு வரும்போது, வீட்டுல யாரையாச்சும் பிடிக்கச் சொல்லிப் பழகிட்டு வாங்க."

"பிடிக்க ஆளிருந்தா நான் எதுக்கு மாஸ்டர் இங்க வாறேன்" என்றாள் தில்லைநாயகி, பஸ் நேரம் சொல்வதுபோல. பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மற்ற கையை நீட்டினாள்.