மூச்சுவிடும் மண்

நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் எவ்வளவு மூச்சுவிடுகின்றன என்பதுதான் மிஸ்ரியாவின் முனைவர் பட்ட ஆய்வு. ஐந்தாவது வருடமும் பாதி போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு ஜாடி மண்ணை மட்டும் நீராவியில் வேகவைத்து, அதிலிருந்த உயிரையெல்லாம் கொன்று, மூடி வைத்திருந்தாள். அந்த ஜாடிதான் மற்றவற்றைவிட அதிகமாக மூச்சுவிட்டது.

“சரியா வெந்திருக்காதும்மா. திரும்பப் பண்ணு,” என்றார் கைடு.

திரும்பச் செய்தாள். ஜாடியை மாற்றினாள், அளக்கும் கருவியையும் மாற்றினாள். அளவு குறையவில்லை. அது குறையாமல் ஆய்வேட்டை முடிக்க முடியாது.

“அந்த ஜாடிக்குப் பூஜ்யம்னு போட்டுடு மிஸ்ரியா. இன்னும் எவ்ளோ நாளைக்கு இதையே பாத்துக்கினு இருப்ப?” என்றான் உடன் ஆய்வு செய்யும் கலைச்செல்வன்.

அன்று மாலை பூஜ்யம் என்றே எழுதினாள். மனசு கூசியது, ஆனாலும் களைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

பையை எடுக்கும்போது ஜாடியைப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கம் சின்ன வட்டமாக ஆவி படர்ந்து மறைந்தது. அதே இடத்தில் மறுபடி படர்ந்தது, பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு வருபவரின் மூச்சைப் போல.

எழுதியதை அடிக்கத் தெம்பில்லை. மூடியை மட்டும் லேசாகத் தளர்த்தி வைத்துவிட்டு, மந்தாரக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.